எழுதுகருவிகளின் கதை – 11: களிமண் வகுத்த வரிசை

உத்திரமேரூர் கல்வெட்டுகளோடு சென்ற அத்தியாயம் முடிந்தது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டப்பட்ட அந்தச் சாசனங்கள் ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையை விரிவாகச் சொல்கின்றன. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டுக் குலுக்கி எடுத்த காலத்தில் எழுதுவது என்றால் கீறுவது. இரும்பு எழுத்தாணி ஓலையின் மேல்தோலைக் கீறும்; கீறிய தடத்தில் கரியைத் தடவினால் எழுத்து துலங்கும். எழுத்தாணி தேயக் கூடாது. கூர் மழுங்கிவிட்டால் அதைத் தீட்ட வேண்டும்.

பென்சிலின் வேலை இதற்கு நேர் எதிர். தேய்ந்தால்தான் அது எழுதும். தாளின் மேல் ஒவ்வொரு இழுப்பிலும் தன்னில் ஒரு துளியை உதிர்த்துவிட்டு வருகிறது. எவ்வளவு உதிர வேண்டும், எவ்வளவு தாங்க வேண்டும் என்ற கணக்கைத்தான் பென்சிலின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் எச்.பி., 2எச், 4பி முதலிய குறிகள் சொல்கின்றன. அந்தக் கணக்கை மனிதர்கள் கண்டுபிடித்த கதையே இந்த அத்தியாயம்.

ஒரே நீளம், மூன்று கோடு

உத்திரமேரூர் இருக்கும் அதே காஞ்சிபுரம் மாவட்டத்தில், காஞ்சி நகரை ஒட்டி இருக்கிறது ஏனாத்தூர். ஸ்ரீ சந்திரசேகரேந்திர சரஸ்வதி விஸ்வ மகாவித்யாலயா 1993-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக இங்கே உருவானது. பொறியியல் படிக்க வரும் மாணவர்களுக்கு எந்தக் கல்லூரியானாலும் முதலாண்டில் ஒரு சடங்கு உண்டு. பெரிய வரைபலகை, மினி டிராஃப்டர், சார்ட் தாள், அதோடு குறைந்தது மூன்று பென்சில்கள் வாங்க வேண்டும்: 2எச், எச், எச்.பி.

முதலில் 2எச் எடுத்து, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் துணைக்கோடுகள் போடுவார்கள். உருவம் சரியாக அமைந்ததும் எச் பென்சிலால் அதன் வெளிக்கோட்டை அழுத்திப் போடுவார்கள். அளவு எண்களையும் எழுத்துகளையும் எச்.பி.யில் எழுதுவார்கள். வரிசை மாறி எச்.பி.யில் துணைக்கோடு போட்டவர் தாள் அரை மணி நேரத்தில் சாம்பல் பூசியதுபோல் ஆகிவிடும். டிராஃப்டரின் அளவுகோல் தாளின் மேல் நகரும்போதெல்லாம் கரியை இழுத்துக்கொண்டே போகும்.

மூன்று பென்சிலும் ஒரே நீளம். மரமும் ஏறக்குறைய ஒன்றுதான். உள்ளே இருக்கும் கருங்குச்சியை, அதாவது லெட்டை, வெறுங்கண்ணால் பார்த்துப் பிரித்தறிய முடியாது. மூன்றிலும் எழுதுகிற பொருள் ஒன்றேதான்: கிராஃபைட். பிறகு எங்கிருந்து வருகிறது இந்த வேறுபாடு?

தோண்டியபடியே எழுதிய காலம்

இங்கிலாந்தின் வடமேற்கில், கம்பர்லாந்து மலைப்பகுதியில், போரோடேல் என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. 16-ஆம் நூற்றாண்டில் அங்கே ஒரு கரும்பொருள் மண்ணிலிருந்து கட்டிகட்டியாக வெளிப்பட்டது. ஆடு மேய்ப்பவர்கள் அதைக் கொண்டு ஆடுகளுக்கு அடையாளக் கோடு போட்டார்கள் என்பது அந்த ஊர் வழக்கு. அதை ரம்பத்தால் சின்னச் சின்னச் சட்டங்களாக அறுத்து, மரத்துக்குள் வைத்து எழுதலாம் என்பதும் விரைவில் தெரிந்தது. சுவிட்சர்லாந்தின் இயற்கை அறிஞர் கோன்ராட் கெஸ்னர் 1565-இல் வெளியிட்ட நூலில் அப்படிப்பட்ட எழுதுகோலின் படமே இருக்கிறது.

அறுத்து அப்படியே எழுதத் தகுந்த அளவுக்குத் தூய்மையும் இறுக்கமும் கொண்ட கிராஃபைட் உலகில் வேறு எங்கும் பெரிய அளவில் கிடைக்கவில்லை. பீரங்கிக் குண்டு வார்க்கும் அச்சுக்கு உட்பூச்சாகவும் அது பயன்பட்டதால் இங்கிலாந்து அதைப் போர்ச்சரக்காகவே காத்தது. சுரங்கத்தை எப்போதாவது சில வாரங்கள் மட்டும் திறப்பார்கள். தேவையானதை எடுத்ததும் மூடிவிடுவார்கள். வேலை முடிந்து வெளியே வரும் தொழிலாளிகளைச் சோதனை போட்டார்கள். திருட்டைத் தடுக்க 1752-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது.

அந்தக் காலத்துப் பென்சிலுக்குத் தரவரிசை கிடையாது. சுரங்கம் எந்தக் கட்டியைக் கொடுத்ததோ, அந்தக் கட்டியின் குணம்தான் பென்சிலின் குணம். கட்டிகளை உரசிப் பார்த்து இது மென்மை, இது கடினம் என்று வியாபாரி பிரித்து வைக்கலாமே தவிர, வேண்டிய கடினத்தை உண்டாக்க எவருக்கும் வழி தெரியாது.

ஜெர்மனியின் நூரம்பர்க் கைவினைஞர்கள் மட்டமான கிராஃபைட்டைப் பொடித்து, கந்தகம், பிசின் போன்றவற்றோடு சேர்த்து உருக்கிக் குச்சிகளாக வார்த்துப் பார்த்தார்கள். குச்சி வந்தது. ஆனால் கோடு சொரசொரவென்று வெளிறிப்போய் விழுந்தது. ஓவியர்கள் போரோடேலையே நாடினார்கள்.

தடைபட்ட துறைமுகம்

1793-இல் பிரெஞ்சுக் குடியரசுக்கும் பிரிட்டனுக்கும் போர் மூண்டது. இங்கிலாந்திலிருந்து பிரான்சுக்குப் போய்க்கொண்டிருந்த பென்சில்கள் நின்றுபோயின. போர் நடத்தும் நாட்டுக்குப் பென்சில் இல்லாதது சின்னக் குறை இல்லை. வரைபடம், கோட்டைத் திட்டம், தளபதிகளின் குறிப்பு எல்லாம் பென்சிலால் ஆனவை. குதிரை மேலிருந்தபடி மைக்கூட்டைத் திறக்க முடியாது.

போர்த்துறையைக் கவனித்துவந்த லசார் கார்னோ, நிக்கோலா ஜாக் கோன்ட்டே என்பவரிடம் இந்த வேலையை ஒப்படைத்தார். கோன்ட்டே ஓவியர், வேதியியலும் இயந்திரமும் அறிந்தவர், போரில் வேவு பார்க்கப் பயன்பட்ட பலூன்களுக்கான ஆராய்ச்சியை நடத்தியவர். அந்த ஆராய்ச்சியில் ஏற்பட்ட வெடிப்பில் ஒரு கண்ணையே இழந்தார். பென்சில் விஷயத்தில் அவர் எடுத்துக்கொண்டது சில நாள்கள்தான் என்பார்கள். 1795 ஜனவரியில் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது.

கிடைக்கிற மட்டமான கிராஃபைட்டை மாவாக அரைத்துத் தூய்மைப்படுத்துவது, அதோடு நேர்த்தியான களிமண்ணைத் தண்ணீர் விட்டுப் பிசைவது, குச்சிகளாக்கி உலர்த்துவது, கடைசியில் சூளையில் சுடுவது. கோன்ட்டேயின் முறை இவ்வளவுதான். கந்தகமும் பிசினும் செய்யாததைக் களிமண் செய்தது. சுட்ட களிமண் கல்லாக இறுகி, கிராஃபைட் துகள்களைத் தன் கண்ணறைகளில் பிடித்துக்கொண்டது.

பஞ்சத்துக்குப் பதிலாகக் கண்டுபிடித்த இந்த முறையில், எவரும் எதிர்பார்க்காத இன்னொரு பலன் ஒளிந்திருந்தது. களிமண்ணைக் கூட்டினால் கோடு மெலிந்தது, குச்சி இறுகியது. குறைத்தால் கோடு கறுத்தது, குச்சி மெதுவாகியது. சுரங்கத்தின் தயவில் இருந்த கடினம் பிசைகிறவன் கைக்கு வந்துவிட்டது. கோன்ட்டே தன் பென்சில்களைக் கடினத்தின்படி எண்ணிட்டு விற்றார். உலகின் முதல் பென்சில் தரவரிசை அங்கேதான் தொடங்குகிறது.

ஏறக்குறைய அதே காலத்தில் வியன்னாவில் யோசப் ஹார்ட்முத் என்பவரும் அந்த வழிக்கே வந்து சேர்ந்தார். அவர் கட்டடக் கலைஞர். 1790-இல் தொடங்கிய மண்பாண்டத் தொழிலும் அவருக்கு இருந்தது. களிமண்ணின் குணமும் சூளையின் குணமும் தெரிந்த ஒருவர் பென்சிலைச் சரிசெய்ததில் வியப்பில்லை.

சூளைக்குள் நடப்பது

இன்றைய தொழிற்சாலையிலும் அடிப்படை மாறவில்லை. கிராஃபைட்டும் களிமண்ணும் தண்ணீரோடு சேர்ந்து உருளைகளில் மணிக்கணக்கில், சில இடங்களில் நாள்கணக்கில் அரைபடுகின்றன. களிமண்ணில் ஒரு பொடி மணல் கூட இருக்கக் கூடாது. எழுதும்போது திடீரென்று கீச்சென்று ஒரு வெள்ளைக் கீறல் விழுந்தால், அரைபடாத ஒரு துகள் முனைக்கு வந்துவிட்டது என்று பொருள். அரைத்த கூழைப் பிழிந்து நீரை வடித்து, கெட்டிமாவாக்கி, முறுக்கு உழக்கில் மாவை அழுத்துவதுபோல் துளையுள்ள அச்சின் வழியே அழுத்துவார்கள். கறுப்புக் கம்பியாக நீண்டு வரும். அதைப் பென்சில் நீளத்துக்கு நறுக்கி, வளையாமல் உலர்த்துவார்கள்.

பிறகு சூடு. ஏறக்குறைய 1,000 பாகை செல்சியஸ். இங்கே ஓர் ஆபத்து உண்டு. கிராஃபைட் என்பது கரி; அவ்வளவு சூட்டில் காற்றுப் பட்டால் எரிந்துபோகும். அதனால் குச்சிகளை மூடிய கலங்களில், காற்றுப் புகாமல் அடைத்துத்தான் சுடுவார்கள். சூடு கூடக்கூடக் களிமண்ணின் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி வலைபோல் இறுகும். ஆக, கடினத்தைத் தீர்மானிப்பது கலவை மட்டுமில்லை. எவ்வளவு நைசாக அரைத்தது, எவ்வளவு சூட்டில் எவ்வளவு நேரம் சுட்டது என்பதும் சேர்ந்துதான். ஒரே கலவையை வெவ்வேறு சூட்டில் சுட்டால் வெவ்வேறு பென்சில் கிடைக்கும்.

சூளையிலிருந்து வந்த குச்சி எழுதும். ஆனால் வறட்டு வறட்டென்று எழுதும். அதை உருக்கிய மெழுகிலோ கொழுப்பிலோ ஊறவைப்பார்கள். களிமண்ணின் நுண்துளைகளில் மெழுகு ஏறிவிட்டால் முனை தாளில் வழுக்கிக்கொண்டு போகும். நல்ல பென்சிலுக்கும் மட்டமான பென்சிலுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் அரைப்பிலும் இந்த மெழுகிலும்தான்.

கலவையின் அளவு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பொதுவான கணக்கு ஒன்று இது: 9எச் பென்சிலில் கிராஃபைட் சுமார் 41 விழுக்காடு, களிமண் 53. எச்.பி.யில் கிராஃபைட் 68, களிமண் 26. 8பி-யில் கிராஃபைட் 90, களிமண் வெறும் 4. மீதி ஐந்தாறு விழுக்காடு மெழுகு. மிகக் கடினமான பென்சிலில் பாதிக்கு மேல் களிமண்தான் இருக்கிறது. கிராஃபைட் மிகுந்த 8பி அழுத்தினால் பொடிந்துவிடும் என்பதால் அதன் குச்சியைத் தடிமனாகச் செய்வதும் உண்டு.

களிமண் ஏன் கோட்டை வெளிறச் செய்கிறது? கிராஃபைட்டுக்குள் பார்த்தால் விடை கிடைக்கும். அதில் கார்பன் அணுக்கள் அறுகோணம் அறுகோணமாகக் கைகோத்துத் தகடுகளாகப் பரவியிருக்கின்றன. ஒரே தகட்டில் அடுத்தடுத்த அணுக்களுக்கு இடையே 0.142 நானோமீட்டர் தொலைவுதான். பிணைப்பு மிக வலுவானது. ஒரு தகட்டுக்கும் அடுத்த தகட்டுக்கும் இடையே 0.335 நானோமீட்டர், அங்கே பிடிப்பு மிக மெல்லியது. தாளின் நார்களில் உரசியதும் தகடுகள் அடுக்கடுக்காக வழுக்கிப் பிரிந்து நார்களின் இடுக்கில் தங்கிவிடுகின்றன. அதுதான் நாம் காணும் கோடு. களிமண் மிகுந்தால் தகடுகளுக்கு நடுவே சுட்ட மண்ணின் கட்டுமானம் நிற்கும். உரசும்போது உதிர்வது குறையும். முனையின் கூரும் நெடுநேரம் நிற்கும். வரைபடக்காரர் எச்சைத் தேடுவதும் ஓவியர் பியைத் தேடுவதும் இதனால்தான்.

எழுத்துகள் வந்த வழி

எண்ணிட்டது கோன்ட்டே. எழுத்திட்டவர்கள் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து ஆங்கிலேய பென்சில்காரர்கள். கட்டடம் வரைகிறவர்களுக்குக் கடினத்தைக் குறிக்கும் எச், ஓவியர்களுக்குக் கறுப்பைக் குறிக்கும் பி. இன்னும் கடினம் வேண்டும் என்றால் இரண்டு எச், மூன்று எச் என்று எழுத்தையே அடுக்கினார்கள். எழுத்துகள் நீண்டுகொண்டே போனதால் பிற்காலத்தில் எண்ணை முன்னால் போட்டு 3எச், 4பி என்று சுருக்கினார்கள். இரு வரிசைகளும் சந்திக்கும் நடுவிடத்தில் எச்.பி. நின்றது. எச்.பி.க்கும் எச்சுக்கும் நடுவே, கூர் நிற்கும் நேர்த்தியான கோட்டுக்காக எஃப் வந்து சேர்ந்தது.

இந்த வரிசையை உலகம் முழுக்கப் பழக்கியதில் ஹார்ட்முத் குடும்பத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1848-இல் அவர்கள் தொழிற்சாலை பொஹீமியாவின் புட்வைஸ் நகருக்குப் போனது. இன்றைய செக் குடியரசில் அது செஸ்கே புடெயோவிட்சே. 1889 பாரிஸ் கண்காட்சிக் காலத்தில் அவர்கள் வெளியிட்ட விலை உயர்ந்த பென்சிலுக்கு, இந்தியாவிலிருந்து விக்டோரியா அரசியிடம் போய்ச் சேர்ந்த கோகினூர் வைரத்தின் பெயரை வைத்தார்கள். மஞ்சள் வண்ணம் பூசிய அந்தக் கோகினூர் 17 தரங்களில் விற்றது. வைரமும் கிராஃபைட்டும் ஒரே கார்பனின் இரு உருவங்கள் என்பதால் பெயர் பொருத்தமாகவே அமைந்தது. மஞ்சள் பென்சில் என்றால் உயர்ந்த பென்சில் என்ற எண்ணம் உலகெங்கும் பரவியதற்கு அதுவே முக்கியக் காரணம்.

அமெரிக்காவில் எழுத்துக்குப் பதில் எண் நிலைத்தது. அங்கே 2 என்றால் நம் எச்.பி. அந்த எண் முறையில் ஒரு பழைய பெயர் உண்டு: மாசசூசெட்ஸின் கான்கார்டு ஊரில் பென்சில் செய்துவந்த தோரோ குடும்பம். மகன் ஹென்றி டேவிட் தோரோ, 1840-களில் களிமண் கலக்கும் முறையைத் தேடிப் பிடித்துத் தந்தையின் தொழிலைத் தூக்கி நிறுத்தினார். கிராஃபைட்டை இன்னும் நைசாக அரைக்கும் இயந்திரத்தையும் திருத்தினார். தோரோ பென்சில்கள் 1 முதல் 4 வரை எண்ணிட்டு விற்றன. அநியாயச் சட்டத்துக்குக் கீழ்ப்படிய மறுப்பது பற்றி அவர் எழுதிய கட்டுரையைத்தான் பின்னாளில் காந்தி தென்னாப்பிரிக்காவில் படித்தார்.

நம் மண்ணின் கரி

இதுவரை ஐரோப்பாவும் அமெரிக்காவும். ஆனால் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் உலகச் சந்தைக்கு மிகத் தூய கிராஃபைட் போனது பாக் நீரிணைக்கு அக்கரையிலிருந்து. இலங்கையின் கேகாலை மாவட்டத்துப் போகல, குருநாகல் மாவட்டத்துக் கஹடகஹ சுரங்கங்களில் கிராஃபைட் பாறை வெடிப்புகளில் நரம்பு நரம்பாக ஓடுகிறது. தோண்டி எடுத்த நிலையிலேயே 95 விழுக்காட்டுக்கு மேல் கார்பன் இருக்கும் கிராஃபைட் அது. லண்டன் பேட்டர்சீயின் மார்கன் குருசிபிள் நிறுவனமும் அமெரிக்காவின் டிக்சன் நிறுவனமும் அதை வாங்கின. பெரும்பகுதி போனது பென்சிலுக்கு இல்லை. உலோகம் உருக்கும் மூசைகளுக்கு. அந்த மூசைகளும் கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்து சுட்டவைதாம். முதல் உலகப் போரில் ஆயுத ஆலைகள் கொதித்தபோது இலங்கைக் கிராஃபைட் ஏற்றுமதியும் உச்சத்துக்குப் போனது.

இக்கரையிலும் அதே பாறைக்குடும்பம் தொடர்கிறது. இலங்கையும் தென்னிந்தியாவும் ஒரே நிலத்தின் துண்டுகளாக இருந்த காலத்தில், மண்ணின் ஆழத்தில் வெந்து உருமாறிய பாறைகள் இவை. திருவிதாங்கூரில் திருவனந்தபுரத்தை அடுத்த வெள்ளநாட்டில் மார்கன் நிறுவனமே சுரங்கம் நடத்தியது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது நின்றுபோனது.

தமிழ்நாட்டின் பங்கு சிவகங்கையில் இருக்கிறது. புதுப்பட்டி, செந்தியுடையநாதபுரம் பகுதியில் தமிழ்நாடு கனிம நிறுவனமான டாமின் கிராஃபைட் எடுக்கிறது. இங்கே கிடைப்பது செதில் வகை. பாறையில் கார்பன் சராசரியாக 14 விழுக்காடு. மீதியெல்லாம் கல்லும் மண்ணும். அதைப் பிரிக்கும் முறை பார்க்கத் தகுந்தது. பாறையை நொறுக்கி, அரைத்து, தண்ணீர்த் தொட்டியில் விட்டு, எண்ணெய்ப்பசை சேர்த்து, காற்றை ஊதுவார்கள். கல்துகள் நனைந்து அடியில் தங்கும். கிராஃபைட் தண்ணீரை ஒட்டாது; காற்றுக்குமிழிகளில் தொற்றிக்கொண்டு கறுப்பு நுரையாக மேலே மிதக்கும். நுரையை வழித்தெடுத்து மீண்டும் மீண்டும் இப்படிச் செய்தால் 96 விழுக்காடு வரை தூய்மை கிடைக்கும். தீச்செங்கல், மூசை, மின்மோட்டாரின் கார்பன் பிரஷ், பென்சில் என்று அது பல தொழில்களுக்குப் போகிறது.

கிராஃபைட்டை வெட்டிக் கொடுத்த நாடுகள், பென்சிலை வெளியே இருந்துதான் வாங்கின. ஆங்கில ஆட்சிக்காலத்தில் சென்னை மாகாணத்து அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் புழங்கியவை பெரும்பாலும் ஜெர்மனி, ஆஸ்திரியா, இங்கிலாந்து, பிறகு ஜப்பான் சரக்குகள். கிராமத்துப் பிள்ளைகளுக்குச் சிலேட்டும் பலப்பமும்தான். சுதேசி உணர்வு வளர்ந்தபோது சென்னையிலும் பென்சில் செய்ய முயன்றார்கள். வி. பெருமாள் செட்டி அண்ட் சன்ஸ் நடத்திய மெட்ராஸ் பென்சில் ஃபாக்டரி அவற்றில் பெயர்பெற்றது. மரம் கிடைப்பதும் இயந்திரம் கிடைப்பதும் பெரும் பாடாக இருந்த காலத்தில் இப்படிப்பட்ட ஆலையை நடத்தியவர்களின் உழைப்பு இன்னும் முழுமையாக எழுதப்படவில்லை.

அந்தக் காலத்தில் ஒரு துண்டுப் பென்சிலுக்கு இருந்த மதிப்பைக் காகா காலேல்கர் எழுதிய நினைவுக்குறிப்பு ஒன்று காட்டுகிறது. 1915 டிசம்பரில் பம்பாய்க் காங்கிரஸ் மாநாட்டின்போது காந்தி எதையோ தேடிக்கொண்டிருந்தார். ஒரு சின்னப் பென்சிலைத் தேடுவதாகச் சொன்னார். காலேல்கர் தன்னுடையதைக் கொடுத்தார், காந்தி ஏற்கவில்லை. அந்தத் துண்டுப் பென்சில் சென்னையில் ஜி.ஏ. நடேசனின் சின்னப் பையன் அன்போடு கொடுத்தது. அதைத் தொலைக்க மனம் வராது என்றார். இருவரும் தேடிக் கண்டெடுத்தபோது அது இரண்டு அங்குலம்கூட இல்லை. அந்த ஏப்ரலில்தான் காந்தி சென்னை தம்புச்செட்டித் தெருவில் நடேசன் வீட்டில் தங்கியிருந்தார்.

குறியைத் தொலைத்த பென்சில்கள்

விடுதலைக்குப் பிறகு நிலைமை மாறியது. 1958-இல் தொடங்கிய இந்துஸ்தான் பென்சில்ஸ் நிறுவனத்தின் நட்ராஜ், பிறகு வந்த அப்சரா, 1931-இலிருந்தே மை செய்துவந்த கேம்லின், பிற்காலத்தில் குஜராத்தின் உம்பர்காவிலிருந்து டாம்ஸ் என்று இந்தியப் பென்சில்கள் ஊர்க்கடைகள் வரை வந்தன. சிவப்பும் கறுப்புமாகக் கோடு போட்ட நட்ராஜ் 621 இல்லாத பெட்டிக்கடையே இல்லை என்ற நிலை உருவானது. இது பெரிய சாதனை.

ஆனால் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கு விற்கும் பென்சில்கள் பலவற்றில் 'எக்ஸ்ட்ரா டார்க்' என்ற சொல்தான் பெரிதாக இருக்கிறது. எச்.பி.யா, 2பி-யா என்ற குறி சிலவற்றில் கண்ணுக்கே படுவதில்லை. அதிகக் கறுப்பு என்பது விளம்பரம். தரக்குறி என்பது தகவல். முதல் வகுப்புப் பிள்ளையின் விரலில் அழுத்தும் வலு இல்லை. ஜப்பானின் தொடக்கப் பள்ளிகளில் சிறு பிள்ளைகளுக்கு 2பி அல்லது பி பென்சில் வாங்கச் சொல்வது வழக்கம். லேசாகத் தொட்டாலே கோடு விழும், விரல் வலிக்காது. கணக்கும் படமும் போடும் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு எச்.பி. அல்லது எச் நல்லது. கோணமானியை வைத்துப் போடும் கோடு மெல்லியதாக நிற்கும். காஞ்சிபுரத்து அம்மாவோ அப்பாவோ கடையில் நின்று இதைப் பார்த்து வாங்க, பென்சிலில் குறி இருக்க வேண்டாமா?

குறி இருந்தாலும் அதை அளவுகோலாக எடுத்துக்கொள்வதில் கவனம் வேண்டும். எச்.பி. என்றால் இவ்வளவு கிராஃபைட், இவ்வளவு கறுப்பு என்று உலகம் முழுவதும் கட்டுப்படுத்தும் ஒரே விதி கிடையாது. ஒரு நிறுவனத்தின் எச்.பி. இன்னொரு நிறுவனத்தின் பி போல எழுதும். ஜப்பானியப் பென்சில்கள் பொதுவாக ஐரோப்பியப் பென்சில்களைவிடக் கறுப்பாக இருக்கும். ஒரே நிறுவனத்தின் வரிசைக்குள் ஒப்பிட்டால்தான் தரக்குறி சரியாகப் பேசும்.

பென்சிலே அளவுகோலாக

இவ்வளவு தளர்வான வரிசையைத் தொழில்துறை ஒரு சோதனைக் கருவியாகவே எடுத்துக்கொண்டது. காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் 1998 முதல் கார்கள் உற்பத்தியாகின்றன. கார் போன்ற பொருள்களுக்கு அடிக்கும் பெயின்டின் கடினத்தைச் சோதிக்க உலகெங்கும் ஏற்கப்பட்ட முறைகளில் ஒன்று பென்சில் சோதனை. மரத்தை மட்டும் சீவி எடுத்து, லெட்டின் முனையை உப்புத்தாளில் தட்டையாகத் தேய்த்து, 45 பாகை சாய்வில் 750 கிராம் எடையோடு பெயின்டின் மேல் தள்ளுவார்கள். கடினமான பென்சிலிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றாக இறங்கி வருவார்கள். எந்தப் பென்சில் பெயின்டைக் கீறாமல் போகிறதோ, அதன் குறியே பெயின்டின் கடினம். 'இந்தப் பூச்சு 2எச்' என்று அறிக்கையில் எழுதுவார்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் பென்சில் மாறும் என்பது தெரிந்ததால், சோதனை முழுக்க ஒரே நிறுவனத்தின் பென்சில்களையே வைத்துக்கொள்வார்கள்.

தேர்வுக்கூடத்தில் இன்னொரு கதை. 1938-இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட 805 என்ற விடைத்தாள் திருத்தும் இயந்திரம் வெளிச்சத்தைக் கொண்டு விடையைப் பார்க்கவில்லை. மின்சாரத்தைக் கொண்டு பார்த்தது. கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும், களிமண் கடத்தாது. பென்சிலால் நிரப்பிய இடத்தில் மின்சாரம் பாய்ந்தால் விடை பதிவாகும். இதற்கென்றே நன்றாகக் கடத்தும் தனிப் பென்சிலை ஐபிஎம் விற்றது. கடினமான எச் பென்சிலால் லேசாகக் கோடு போட்டவரின் விடையை இயந்திரம் காணாமல் போகும் ஆபத்து இருந்தது. பிறகு வந்த ஓஎம்ஆர் இயந்திரங்கள் வெளிச்சத்தைக் கொண்டு படித்தன. அவற்றுக்கும் நெடுங்காலம் எச்.பி. பென்சிலையே கேட்டார்கள். நம் ஊர்ப் போட்டித் தேர்வுகளில் இன்று அந்த இடம் பந்துமுனைப் பேனாவுக்குப் போய்விட்டது.

ஏனாத்தூரிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, காஞ்சிபுரத்துத் தறிகளுக்குப் பின்னால் பென்சில் நெடுநாள் வேலை பார்த்திருக்கிறது. பட்டுச்சேலையின் பார்டரிலும் முந்தானையிலும் வரும் மயில், யாளி, கோபுரம், ருத்ராட்சம் எல்லாம் தறிக்கு வருமுன் தாளில் உருவாக வேண்டும். டிசைன் போடுகிறவர் முதலில் பென்சிலில் உருவத்தை வரைவார். பிறகு அதைக் கிராஃப் தாளின் கட்டங்களுக்கு மாற்றுவார். எந்தக் கட்டத்தில் எந்த இழை மேலே வர வேண்டும் என்று வண்ணத்தால் நிரப்புவார். அந்தக் கட்டங்களைப் பார்த்து ஜக்கார்டு அட்டைகளில் துளை போடுவார்கள். ஒரு கட்டம் பிசகினால் மயிலின் கழுத்து உடைந்துபோகும். மென்மையான பென்சில் கை பட்டு இழுபடும். அதனால் கட்டத்தின் எல்லையில் கூர் நிற்கும் பென்சிலே இந்த வேலைக்குத் தோது. கணினி வந்த பிறகு திரையிலேயே டிசைன் முடிகிறது என்றாலும், முதல் உருவத்தைத் தாளில் போட்டுப் பார்க்கும் கைகள் இன்னும் உண்டு.

களிமண்ணும் கிராஃபைட்டும் சேர்ந்த குச்சிக்கு இனி ஒரு சட்டை வேண்டும். ஷார்ப்னரில் சுற்றினால் பிசிறில்லாமல் சீவ வர வேண்டும், விழுந்தால் உள்ளே இருக்கும் லெட் உடையக் கூடாது, விலையும் ஏறக் கூடாது. அமெரிக்கச் செம்மரமான சீடர் கிடைக்காதபோது டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனம் இந்திய மரங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தது. இன்று நம் பிள்ளைகளின் பென்சில் மரத்தில் பெரும்பங்கு காஷ்மீரின் புல்வாமா மாவட்டத்து உக்கூ கிராமத்துப் பாப்லர் மரப்பலகைகளாக வருகிறது. அந்தப் பலகைகளில் காடி வெட்டி, லெட்டை வைத்து, மேலே இன்னொரு பலகையை ஒட்டி, அறுகோணமாக அறுக்கும் கதையை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

(தொடரும்)